“லட்டு ஏன் கடிக்கிறது, டாக்டர்?”

பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அதன் சுருக்கம் இது.

ஒன்பது வயது மகளின் பிறந்தநாளுக்கு, இரண்டு வாரங்களுக்கு முன்பு பெட் ஷாப்பிலிருந்து ஹாம்ஸ்டர் என்ற, எலி போன்ற ஒரு குட்டிப் பிராணியை வாங்கியிருக்கிறார்கள். பொன்பழுப்பு முதுகு, வெள்ளை வயிறு. லட்டு என்று பெயர் வைத்தாயிற்று. கூண்டையும் கடைக்காரரே கொடுத்தார். ஒன்றரை அடி நீளக் கம்பிக் கூண்டு, அதில் ஒரு சின்னச் சக்கரம், தரையில் ஒரு கைப்பிடி மரத்தூள். அது ஹாலில் டிவி பக்கத்தில் இருக்கிறது. சுத்தமாக இருக்க வேண்டும் என்று தினமும் கிருமிநாசினி போட்டுக் கழுவுகிறார்கள். மகள் நாலரை மணிக்குப் பள்ளியிலிருந்து வந்ததும் தூங்கும் லட்டுவை எழுப்பி வெளியே எடுப்பாள். மூன்றாம் நாள் விரலில் ரத்தம் வரும்படி கடித்துவிட்டது. அப்புறம் யார் கை உள்ளே போனாலும் கடிதான், கணவரையும் சேர்த்து. ராத்திரியெல்லாம் கூண்டுக் கம்பியைக் கடித்துக்கொண்டே இருக்கிறது.

கடைக்காரரைக் கேட்டதற்கு, தடிமனான கையுறை போட்டுப் பிடியுங்கள், கடித்தால் மூக்கில் சுண்டுங்கள், ஜோடி இல்லாத ஏக்கம்தான், இன்னொன்று வாங்கிப் போடுங்கள் என்றாராம். வெறிநாய்க்கடி ஊசி போட வேண்டும் என்கிறார் மாமியார். வயல் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்கிறார் கணவர். வளைகாப்பு முடிந்து நாத்தனார் தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வரப்போகிறார். மகள் கேட்கும் கேள்வி வேறு: “அதுக்கு என்னைப் பிடிக்கலையாம்மா?”

அன்புள்ள வாசகிக்கு,

கடிதத்தைப் படித்ததும் எனக்கு நிம்மதியாகவே இருந்தது. நீங்கள் எழுதியிருக்கும் விவரங்களிலேயே லட்டு கடிப்பதற்கான காரணங்கள் இருக்கின்றன. அவற்றில் பலவற்றை இந்த வாரமே மாற்றிவிடலாம். லட்டு கோபக்கார ஜாதியும் இல்லை, கெட்ட குணமும் அதற்கு இல்லை. பயந்துபோன குட்டி அது. ஓட இடமில்லாத பிராணிக்குப் பல் ஒன்றுதான் மிச்சம். கடியை எப்படி நிறுத்துவது என்று கேட்டிருக்கிறீர்கள். அது எப்போது பயப்படுகிறது என்று பார்க்கத் தொடங்கினால் வழி தானே தெரியும்.

முதலில் காயமும் ஊசியும்

மாமியாரின் பயத்தைத் தள்ளிவிடாதீர்கள். நம் நாட்டில் ரேபிஸ் இன்னும் உயிர் பறிக்கிற நோய், எந்தக் கடியானாலும் டாக்டரைக் கேட்பது நல்ல பழக்கம். ஆனால் ஹாம்ஸ்டர், எலி, அணில் போன்ற சிறு கொறிக்கும் பிராணிகளால் மனிதருக்கு ரேபிஸ் வருவது மிக மிக அரிது. எலி இனம் கடித்தால் சாதாரணமாக ரேபிஸ் தடுப்பூசி தேவையில்லை என்றே நம் நாட்டு வழிகாட்டுதலும் சொல்கிறது. கூண்டிலேயே இருக்கிற, தெருநாய் பூனை எதுவும் நெருங்காத லட்டு விஷயத்தில் அந்தக் கவலையை விட்டுவிடலாம்.

கவனிக்க வேண்டியது டெட்டனஸ். பாப்பாவின் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். நம் அட்டவணையில் 5 முதல் 6 வயதுக்குள் ஒரு பூஸ்டர், 10 வயதிலும் 16 வயதிலும் டிடி ஊசி உண்டு. ஏதாவது விட்டுப்போயிருந்தால் குழந்தை டாக்டர் சொல்வார். நான் விலங்கு மருத்துவன், மனிதருக்கான ஊசியை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். கடித்தவுடன் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்க வேண்டாம். அடுத்த ஓரிரு நாளில் விரல் சிவந்து வீங்கினாலோ, சீழ் வைத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ டாக்டரிடம் போங்கள். வெகு சிலருக்கு ஹாம்ஸ்டர் எச்சிலே ஒவ்வாமல் போவதுண்டு. கடித்த சில நிமிடங்களில் உடம்பெல்லாம் தடித்து, உதடு வீங்கி, மூச்சு முட்டினால் ஒரு நொடியும் யோசிக்காமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒன்றுதான் என்னை நிறுத்தியது, நாத்தனார் வரப்போகிறார் என்பது. எல்.சி.எம். என்று ஒரு வைரஸ் உண்டு. வீட்டில் திரியும் சுண்டெலிகளிடம் இருப்பது, அவற்றிடமிருந்து ஹாம்ஸ்டருக்கும் தொற்றலாம். சிறுநீர், எச்சில், எச்சம், கூண்டில் பரப்பும் கூளத்தின் தூசி வழியாக மனிதருக்கு வரும். நம்மில் பலருக்கு அது ஒரு சாதாரண ஜுரம்போல வந்து போய்விடும். கர்ப்பிணிக்கு வந்தால் கருச்சிதைவு ஆகலாம், வயிற்றுக் குழந்தையின் மூளையும் கண்ணும் பாதிக்கப்படலாம். இது அபூர்வம்தான், பதற வேண்டாம். ஆனால் தடுப்பது சுலபம். அவர் வருவதற்கு முன்பே கூண்டை அவர் தங்காத அறைக்கு மாற்றுங்கள். லட்டுவைத் தூக்குவது, கூளம் மாற்றுவது இரண்டும் அவர் வேலையாக இருக்கக் கூடாது. மற்றவர்கள் லட்டுவைத் தொட்டால் கை கழுவிவிட்டுத்தான் சமையலறைக்குள் போக வேண்டும். கூண்டின் பக்கத்தில் வீட்டுச் சுண்டெலி வராமலும் பார்த்துக்கொள்ளுங்கள். பிரசவ டாக்டரிடமும் வீட்டில் ஹாம்ஸ்டர் இருப்பதைச் சொல்லிவிடச் சொல்லுங்கள்.

லட்டு எதற்குப் பயப்படுகிறது

நீங்கள் சொல்லும் நிறத்தையும் அளவையும் வைத்துப் பார்த்தால் லட்டு சிரியன் ஹாம்ஸ்டர். இதன் சொந்த ஊர் சிரியாவின் அலெப்போ நகரைச் சுற்றியுள்ள சமவெளியும், அதை ஒட்டிய துருக்கிப் பகுதியும். 1930 இல் இஸ்ரேல் அஹரோனி என்ற விலங்கியலாளர் அங்கே ஒரு வளையைத் தோண்டி ஒரு தாயையும் குட்டிகளையும் எடுத்து வந்தார். இன்று உலகமெங்கும் வீடுகளில் இருக்கும் சிரியன் ஹாம்ஸ்டர்கள் பெரும்பாலும் அந்த ஒரு குடும்பத்தின் வாரிசுகள். நூறு வருடம்கூட ஆகவில்லை. நாயும் பூனையும் நம்முடன் ஆயிரக்கணக்கான வருடங்களாக வாழ்கின்றன. லட்டுவின் உடம்பு இன்னும் அலெப்போ வயல்வெளிக்கான உடம்பு.

அந்த வயல்வெளியில் மேலிருந்து இறங்குவது எல்லாமே ஆபத்து. ஆந்தையும் கழுகும் அப்படித்தான் வரும். உங்கள் கூண்டின் கதவு மேலே இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மேலிருந்து ஒரு கை இறங்கி உடம்பைச் சுற்றிப் பிடித்தால் ஹாம்ஸ்டருக்கு வேறு எப்படித் தோன்றும்? அதன் கண் பார்வையும் மங்கல், கொஞ்ச தூரத்துக்கு மேல் எதுவும் தெளிவாகத் தெரியாது. மூக்கும் காதும்தான் அதன் உலகம். மிக்சர் சாப்பிட்ட விரல் உள்ளே வந்தால் அது விரல் என்று லட்டுவுக்குத் தெரியாது, மிக்சர் என்றுதான் தெரியும்.

நேரமும் ஒத்துப்போகவில்லை. வீட்டு ஹாம்ஸ்டர் பகலில் தூங்கி, இருட்டிய பிறகு எழும். நாலரை மணி அதற்கு நடுராத்திரி. ஆழ்ந்து தூங்கும்போது யாரோ போர்வையை உருவி நம்மைத் தூக்கினால் நாமும் திமிறத்தான் செய்வோம். பாப்பா ஆசையாகத்தான் ஓடி வருகிறாள், அவள்மேல் தப்பு இல்லை. இதைக் கடையில் யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

அடுத்தது தினமும் கழுவுவது. நீங்கள் நல்லதென்று செய்கிறீர்கள். ஆனால் சிரியன் ஹாம்ஸ்டருக்கு இடுப்பின் இரண்டு பக்கமும் வாசனைச் சுரப்பிகள் உண்டு. அவற்றைத் தேய்த்துத்தான் ‘இது என் இடம்’ என்று அது தெரிந்துகொள்கிறது. கிருமிநாசினி அதைத் தினமும் அழித்துவிடுகிறது. லட்டு ஒவ்வொரு நாளும் புதிதாக ஒரு அந்நிய இடத்தில் கண் விழிக்கிறது.

இனி கடியையே கவனியுங்கள். எல்லாக் கடியும் ஒன்றில்லை. மெல்லப் பல் வைத்து, நக்கி, விட்டுவிடுவது மோப்பம் பார்ப்பதன் தொடர்ச்சி, ரத்தம் வராது. பட்டென்று பாய்ந்து ஆழக் கடித்துவிட்டு ஓடுவதும், விடாமல் பிடித்துத் தொங்குவதும் பயம். பயக் கடிக்கு முன்னால் அநேகமாக எச்சரிக்கை இருக்கும். காதைப் பின்னால் மடிக்கும், பல்லை நறநறக்கும், கீச்சிடும், மல்லாந்து பல்லைக் காட்டும், இல்லையென்றால் உறைந்துபோய் அசையாமல் நிற்கும். இவற்றில் எதைப் பார்த்தாலும் அன்றைக்குக் கையை எடுத்துவிடுங்கள். இந்த எச்சரிக்கையை நாம் மதிக்கிறோம் என்று தெரிந்தால் கடி வரை போக வேண்டிய தேவை லட்டுவுக்குக் குறையும்.

கூண்டை மாற்றாமல் குணம் மாறாது

இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். வண்ண வண்ணமாக விற்கும் அந்தச் சின்னக் கூண்டுகள் விற்பதற்கு வசதியானவை, ஹாம்ஸ்டர் வாழ்வதற்கு வசதியானவை இல்லை. ராத்திரி முழுக்கக் கம்பியைக் கடிப்பது இடம் போதாத ஹாம்ஸ்டரின் அடையாளம். சுவிட்சர்லாந்தில் 2006 இல் வெளியான ஒரு ஆய்வில் சிரியன் ஹாம்ஸ்டர்களை 10, 40, 80 செ.மீ. ஆழக் கூளத்தில் தனித்தனியாக வைத்துப் பார்த்தார்கள். 10 செ.மீ. கூளத்தில் இருந்தவைதான் கம்பியை அதிகம் கடித்தன. லட்டுவிடம் இருப்பது ஒரு கைப்பிடி மரத்தூள்.

நீளம் 100 செ.மீ., அகலம் 50 செ.மீ. என்பது விலங்கு நல மருத்துவர்கள் பரிந்துரைக்கும் குறைந்தபட்ச அளவு. புதிதாக வாங்க வேண்டும் என்றில்லை. பயன்படாமல் கிடக்கும் இந்த அளவு மீன் தொட்டி இருந்தால் அதைக் கழுவி, மேலே கம்பிவலை மூடி போட்டால் போதும். பெரிய பிளாஸ்டிக் பெட்டியின் மூடியை வெட்டி வலை பதித்தும் செய்யலாம். குறைந்தது 20 முதல் 30 செ.மீ. ஆழத்துக்குக் கூளம் நிரப்புங்கள், முடிந்தால் ஒரு பக்கம் இன்னும் ஆழமாக. காகிதக் கூளமோ ஆஸ்பென் மரச்சீவலோ நல்லது. மணமில்லாத டிஷ்யூ பேப்பரைக் கிழித்து அதனுடன் கலந்துகொடுத்தால் லட்டு கூடு கட்டிக்கொள்ளும். பைன், சிடார் மரத்தூளின் வாசனை எண்ணெய் அதன் நுரையீரலுக்கு ஆகாது. பஞ்சு கூடவே கூடாது. காலில் சுற்றி ரத்த ஓட்டத்தை நிறுத்தும், விழுங்கினால் குடலை அடைக்கும்.

சக்கரம் 28 செ.மீ. விட்டமாவது இருக்க வேண்டும், ஓடும் பரப்பு கம்பியாக இல்லாமல் முழுத் தகடாக இருக்க வேண்டும். சின்னச் சக்கரத்தில் முதுகு வளைந்தே ஓடும், கம்பிச் சக்கரத்தில் கால் மாட்டி முறிந்து என்னிடம் வருபவை உண்டு. ஒரு மண் சட்டியைக் கவிழ்த்து, வாசல் மாதிரி ஒரு பக்கம் உடைத்து, விளிம்பைத் தேய்த்து மழுக்கி வைத்தால் அருமையான ஒளிவிடம், வெயில் காலத்தில் குளிர்ச்சியும்கூட. ஒரு தட்டில் சுத்தமான மணல் வைத்தால் அதில் புரண்டு தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும். தண்ணீரில் குளிப்பாட்டாதீர்கள்.

கழுவும் விஷயத்தில், சிறுநீர் போகும் மூலையை மட்டும் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை எடுத்துப் போடுங்கள். முழுதாக மாற்றும்போதும் பழைய கூளத்தில் ஒரு பங்கைத் திரும்பச் சேருங்கள். டிவி பக்கத்திலிருந்து ஒரு அமைதியான மூலைக்கு இடத்தை மாற்றுங்கள்.

பழக்குவது

புது வீட்டுக்கு மாற்றிய பிறகு ஒரு வாரம் போல லட்டுவைத் தொடவே வேண்டாம். சாப்பாடு, தண்ணீர், மூலைச் சுத்தம், அவ்வளவுதான். பாப்பா ராத்திரி எட்டு மணிக்கு மேல் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவான குரலில் பாடப் புத்தகத்தைச் சத்தமாகப் படிக்கட்டும், அவளுக்கும் வீட்டுப்பாடம் முடியும். நீங்கள் இரண்டு பேரும் ஒரு நாள் உடம்போடு வைத்திருந்த டிஷ்யூத் துண்டுகளைக் கூண்டில் போடுங்கள். லட்டு அதைக் கூட்டுக்குள் இழுத்துப் போகும். உங்கள் வாசனையில் படுத்துத் தூங்கினால் பாதி வேலை முடிந்தது.

அப்புறம் கரண்டி. கடித்துப் பழகிய ஹாம்ஸ்டருக்கு விரலால் ஊட்ட வேண்டாம். நீளமான கரண்டி நுனியில் ஒரு பூசணி விதையோ, கொஞ்சம் வேகவைத்த முட்டையோ வைத்து நீட்டுங்கள். லட்டு தானாக எழுந்து வெளியே வந்திருக்கும் நேரத்தில் மட்டும் இதைச் செய்யுங்கள். கரண்டியை நிம்மதியாக நெருங்கத் தொடங்கினால் ஒவ்வொரு நாளும் பிடியைக் கொஞ்சம் கீழே கொண்டுவாருங்கள். ஒரு நாள் உள்ளங்கையில் தீனியை வைத்து, கையைக் கூளத்தின்மேல் மல்லாத்தி அசையாமல் வைத்திருங்கள். பக்கவாட்டில் வரட்டும் கை, மேலிருந்து வேண்டாம். லட்டு எடுத்துக்கொண்டு ஓடினால் ஓடட்டும். திரும்ப வரும். கைமேல் ஏறி நின்று சாப்பிடும் நாளிலும் உடனே தூக்கிவிடாதீர்கள். ஏறுவதும் இறங்குவதும் தன் விருப்பம் என்று அது நம்ப வேண்டும், சில நாட்கள் விட்டுக்கொடுங்கள்.

கையை உள்ளே விடுவதற்கு முன்னால் மணமில்லாத சோப்பில் கழுவுவது கட்டாயம், தினமும் அதே சோப்பு. இந்த வேலையை முதலில் நீங்கள் செய்யுங்கள், பாப்பா பக்கத்தில் இருந்து பார்க்கட்டும். பெரியவர் கை கடிபட்டாலும் உதறாமல் இருக்கும், ஒன்பது வயதுக் கை அப்படி இருக்காது. உதறினால் லட்டு பறந்து விழும். ஹாம்ஸ்டருக்கு உயரம் தெரியாது, மேஜை உயரத்திலிருந்து விழுந்தாலே எலும்பு முறியலாம். எப்போதும் தரையில் உட்கார்ந்துதான் கையில் எடுக்க வேண்டும்.

கடித்துவிட்டால்? கையை இழுக்காமல் மெல்லத் தரைமட்டத்துக்கு இறக்குங்கள், கால் தரையில் பட்டதும் பெரும்பாலும் விட்டுவிடும். கத்த வேண்டாம். மூக்கில் சுண்டுவது, முகத்தில் ஊதுவது, கழுத்தைப் பிடித்து அழுத்துவது எதுவும் கூடாது. மூக்கில் சுண்டச் சொன்ன கடைக்காரரின் யோசனையை நான் முழுமையாக மறுக்கிறேன். தண்டனை என்பது ஹாம்ஸ்டருக்குப் புரியாது, கை என்றால் வலி என்பது மட்டும் நன்றாகப் பதியும். தடிமனான தோல் கையுறையும் அப்படித்தான். அதற்குள் நம் விரல் எவ்வளவு அழுத்துகிறது என்று நமக்கே தெரியாது, நம் வாசனையும் லட்டுவுக்குத் தெரியாது. கூண்டை மாற்ற, டாக்டரிடம் கொண்டுபோக என்று அவசரமாக எடுக்க வேண்டியிருந்தால் ஒரு பெரிய குவளையைச் சாய்த்துப் பிடியுங்கள், ஹாம்ஸ்டர் பொந்து என்று தானே நுழையும். யாருக்கும் காயமில்லை.

கொஞ்சம் பழகியதும் ராத்திரி குளியலறைத் தரையைத் துடைத்துக் காயவிட்டு, அதில் நீங்கள் உட்கார்ந்து லட்டுவை இஷ்டப்படி திரிய விடலாம். அதற்கு முன்னால் தண்ணீர் போகும் துளையைக் கல் வைத்து அடையுங்கள், நிரம்பிய வாளியை வெளியே எடுங்கள், அன்றைக்கு பினாயில் ஊற்றாதீர்கள். லட்டு உங்கள் காலின்மேல் ஏறி இறங்கும். பெரும்பாலான ஹாம்ஸ்டர்களுக்கு இங்கேதான் பயம் தெளிகிறது.

இதற்கு எத்தனை நாள் ஆகும் என்று கேட்பீர்கள். சிலது இரண்டு வாரத்தில் கைக்கு வந்துவிடும், சிலது இரண்டு மாதம் எடுக்கும். சில ஹாம்ஸ்டர்கள் கையில் தீனி வாங்கும் அளவோடு நின்றுவிடும், தூக்கினால் கடைசி வரை பிடிக்காது. லட்டு அப்படியாக இருந்தாலும் அதில் யாருடைய தோல்வியும் இல்லை. பாப்பாவுக்கு இதையும் இப்போதே சொல்லிவையுங்கள். அவளுடைய கேள்விக்குப் பதில்: லட்டுவுக்கு அவளை இன்னும் தெரியாது. பிடிப்பதும் பிடிக்காததும் தெரிந்த பிறகுதானே.

உடம்பு சரியில்லாமலும் கடிக்கும்

பயத்தை எல்லாம் சரிசெய்த பிறகும், அல்லது நன்றாகப் பழகிய பிறகு திடீரென்று கடித்தால், வலியைச் சந்தேகியுங்கள். முன்பல் வளர்ந்துகொண்டே இருக்கும், கோணலாகிவிட்டால் சாப்பிட முடியாமல் வாய் ஓரம் ஈரமாக இருக்கும். முன்பல் மஞ்சளாக இருப்பது இயல்பு, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வால் பக்கம் ஈரமாகி, நாற்றத்துடன் வயிற்றுப்போக்கு இருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். புது வீட்டு அதிர்ச்சியில் குட்டிகளுக்கு வரும் அந்த நோய் ஓரிரு நாளில் கொன்றுவிடும்.

லட்டு ஆணா பெண்ணா என்று நீங்கள் எழுதவில்லை. கடையில் ஒரே தொட்டியில் பல ஹாம்ஸ்டர்கள் இருந்தன என்றால், பெண்ணாக இருக்கும் பட்சத்தில் அது சினையாகவே வந்திருக்கலாம். பிறந்து ஒன்றரை மாதத்திலேயே அவை சினைப்படும், கர்ப்பகாலம் வெறும் 16 நாள்தான். இரண்டு வாரம் ஆகிவிட்டது என்பதால் வயிறு பக்கவாட்டில் புடைக்கிறதா, வெறியோடு கூடு கட்டுகிறதா என்று இந்த ஓரிரு நாள் தள்ளி நின்று கவனியுங்கள். அப்படி இருந்தால் கூண்டு மாற்றுவது, பழக்குவது எல்லாவற்றையும் நிறுத்தி, கூளத்தையும் டிஷ்யூவையும் மட்டும் கூட்டிவிடுங்கள். குட்டி போட்டுவிட்டால் இரண்டு வாரத்துக்குக் கூட்டைத் திறந்து பார்க்கவோ குட்டியைத் தொடவோ கூடாது. பயந்த தாய் குட்டிகளைக் கொன்றுவிடும்.

இன்னொன்று வாங்கலாமா, விட்டுவிடலாமா

வாங்கவே வாங்காதீர்கள். சிரியன் ஹாம்ஸ்டர் தனியாக வாழும் பிராணி. அதன் ஊரில் ஒரு வளைக்குள் ஒரே ஒரு பெரிய ஹாம்ஸ்டர்தான் இருக்கும். இரண்டரை மாதம் தாண்டிய இரண்டை ஒரே கூண்டில் போட்டால் ரத்தக் காயம், பல சமயம் சாவு. ஆணும் பெண்ணுமாகப் போட்டால் குட்டிகளும் சேரும். தனிமை லட்டுவுக்கு ஏக்கம் இல்லை, அதுதான் நிம்மதி.

வயலில் விடுவதைப் பற்றி உங்கள் கணவரிடம் இதைச் சொல்லுங்கள். கூண்டில் பிறந்த ஹாம்ஸ்டருக்கு இரை தேடவும் தெரியாது, பாம்பிடமும் பூனையிடமும் காக்கையிடமும் தப்பவும் தெரியாது. நம் வெயிலையும் தாங்காது. பசி தாகத்தில் துன்பப்படும் நிலையில் ஒரு பிராணியைக் கைவிடுவது 1960 ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். ‘சுதந்திரமாக இருக்கட்டும்’ என்று நினைப்பவர்கள் நிறையப் பேர்.

கடைக்கே திருப்பிக் கொடுப்பதற்கும் நான் தயங்குவேன். மறுபடி கூட்டத்தோடு போடப்பட்டுச் சண்டையில் காயப்படும், இல்லையென்றால் ‘கடிக்காது’ என்று சொல்லி இன்னொரு குழந்தையின் கையில் கொடுக்கப்படும். நாத்தனார் வந்த பிறகு உண்மையிலேயே முடியாது என்றால், ராத்திரி விழித்திருக்கும், சின்னக் குழந்தை இல்லாத, தெரிந்த குடும்பம் ஒன்றுக்கு, லட்டு கடிக்கும் என்பதை மறைக்காமல் சொல்லி, பெரிய கூண்டோடு கொடுப்பது மரியாதையான வழி. அப்படிச் செய்தால் குற்ற உணர்வு வேண்டாம். அதன் ஆயுள் இரண்டு முதல் மூன்று வருடம். அதற்குள் அதற்கு எது நல்லதோ அது நடக்க வேண்டும், அவ்வளவுதான்.

தீனி பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். கம்பு, தினை, சாமை, ஓட்ஸ் கலந்து கொடுக்கலாம், வாரம் ஓரிரு முறை சிறிது வேகவைத்த முட்டை, தினம் நகக்கண் அளவு வெள்ளரியோ கேரட்டோ. சூரியகாந்தி விதை பழக்கும்போது கொடுக்கும் தீனியாக மட்டும் இருக்கட்டும், நிறையத் தின்றால் கொழுக்கும். வெங்காயம், பூண்டு, எலுமிச்சை, ஆரஞ்சு, சாக்லேட், உப்புப் போட்ட எதுவும் வேண்டாம்.

கடைசியாக வெயில். லட்டுவுக்குச் சுகமான வெப்பம் 20 முதல் 24 டிகிரி. 30 ஐத் தாண்டினாலே தவிக்கும். ஹாம்ஸ்டருக்கு வியர்க்காது, அதனால் மின்விசிறி காற்றும் அதை நேரடியாகக் குளிர்விக்காது. உங்கள் ஊரின் சித்திரை வெயிலுக்கு இப்போதே ஏற்பாடு செய்யுங்கள். ஏசி இருக்கும் அறை என்றால் நல்லது. இல்லையென்றால் வீட்டின் குளிர்ந்த தரைத்தள மூலை, கூண்டுக்குள் மண் சட்டியும் ஒரு டைல்ஸ் துண்டும், கூண்டுக்கு வெளியே துணி சுற்றிய ஐஸ் பாட்டில். கண்ணாடித் தொட்டி வெப்பத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், சன்னல் வெயில் அதன்மேல் விழவே கூடாது. லட்டு தட்டையாகப் படுத்து, வேகமாக மூச்சு வாங்கி, வாய் ஓரம் எச்சில் வடிந்து துவண்டிருந்தால் அது வெப்பத் தாக்கு. உடனே குளிர்ந்த இடத்துக்கு மாற்றி, சாதாரணத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியில் வைத்துக்கொண்டு டாக்டரிடம் கிளம்புங்கள். ஐஸ் தண்ணீரில் முக்காதீர்கள். எல்லாக் கால்நடை மருத்துவர்களும் ஹாம்ஸ்டர் பார்ப்பதில்லை. உங்கள் ஊரில் யார் பார்க்கிறார்கள், ராத்திரியில் யார் இருப்பார்கள் என்று இந்த வாரமே நாலு இடத்துக்கு போன் செய்து கேட்டு, எண்ணைக் கூண்டின் பக்கத்திலேயே எழுதி ஒட்டிவையுங்கள்.